ஆதி சபையில் பிஷப் எங்கிருந்து வந்தார்?

கேள்வி இதுதான்: "ஆதித் திருச்சபையில் பதவி, அதிகாரம் எதுவும் கிடையாது, எல்லோரும் சகோதரர்கள்தான், கான்ஸ்டன்டைன் வந்துதான் பிஷப்புகளைக் கொண்டுவந்தார் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். என் கத்தோலிக்க நண்பரோ, பேதுருதான் முதல் பாப்பரசர், பிஷப்பும் குருக்களும் முதல் நாளிலிருந்தே உண்டு என்கிறார். எது உண்மை?"

இரண்டுமே சரியில்லை. முதல் எழுபது எண்பது வருஷம் ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறாக இருந்தது. 2-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் ஊருக்கு ஒரு பிஷப் என்ற முறை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது பெரும்பாலான இடங்களுக்குப் பரவிவிட்டது. கான்ஸ்டன்டைன் ரோமைப் பிடித்தது 312-இல். அவர் வந்தபோது பிஷப் முறைக்கு நூறு வயது தாண்டியிருந்தது.

இனி நீளமான பதில். இந்த முறை ஏன் வளர்ந்தது என்று கேட்டால், "கள்ளப் போதகத்தைத் தடுக்க" என்று சட்டென்று பதில் வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் பழைய நூல்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் போதகத்தைவிட அடிக்கடி கண்ணில் படுவது பந்தியும் காணிக்கைப் பணமும்தான். யார் பரிமாறுவது, பணம் யார் கையில் இருப்பது, எந்த விதவைக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? தலைமைப் பதவிகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் கெட்டிப்பட்டன என்பது என் கணிப்பு. அந்த வழியாகவே போகிறேன்.

எருசலேமில் பன்னிருவர் இருந்தார்கள். யூதாஸ் போன இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவை எடுத்தார்கள். ஆனால் பன்னிருவர் என்பது ஊர்ச் சபையை நடத்தும் கமிட்டி இல்லை. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு அவர்கள் அடையாளம். செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது வெட்டிக் கொன்றபோது அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிர்வாகம் என்று ஒன்று தேவைப்பட்டது ஒரு சண்டையில்தான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். தினசரி உணவுப் பங்கீட்டில் கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை, ஓரவஞ்சனை நடக்கிறது என்று முறுமுறுப்பு எழுந்தது. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைச் சபையே தேர்ந்தெடுத்தது. பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கெட்டிக்கார முடிவு.

அடுத்தது மூப்பர்கள். கிறிஸ்தவ மூப்பர்கள் என்று ஒரு கூட்டம் அந்த நூலில் முதலில் தலைகாட்டுவது 11-ஆம் அதிகாரத்தின் கடைசியில். அந்தியோகியா சபை பஞ்ச நிவாரணப் பணம் திரட்டி, பர்னபா, சவுல் கையில் கொடுத்து அனுப்புகிறது. எருசலேமில் அதை வாங்கிக்கொள்கிறவர்கள் மூப்பர்கள். அதாவது அவர்கள் நமக்கு அறிமுகமாவதே பணம் கைமாறும் இடத்தில்.

எருசலேமில் இன்னொரு வகைத் தலைமையும் இருந்தது. பின்னாளில் அது அப்படியே வற்றிப்போனதால் பலருக்கும் தெரிவதில்லை. அது குடும்பத் தலைமை. பேதுரு ஊரைவிட்டுப் போன பிறகு அங்கே முதல் ஆள், கர்த்தருடைய சகோதரன் என்று அழைக்கப்பட்ட யாக்கோபு. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற பெரிய வழக்கில் கடைசித் தீர்ப்பைச் சொன்னவர் அவர்தான், பேதுரு இல்லை. 62-இல் பிரதான ஆசாரியன் அனனு அவரைக் கல்லெறிந்து கொல்லவைத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸே எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர் சிமியோன். அவரும் இயேசுவின் உறவினர்தான், குளோப்பாவின் மகன் என்று 4-ஆம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் சொல்கிறார். இன்னொரு செய்தியும் அவரிடம் இருக்கிறது. டொமிஷியன் பேரரசர் காலத்தில், இயேசுவின் சகோதரன் யூதாவின் பேரன்கள் இருவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்களாம். தாவீதின் வம்சம் என்பதால் சந்தேகம். சொத்து என்ன என்று கேட்டதற்கு, இருவருக்கும் சேர்த்து 39 பிளெத்ரா நிலம், மதிப்பு 9000 தெனாரி, நாங்களே உழுது வரி கட்டுகிறோம் என்று சொல்லி, காய்ப்பு ஏறிய கைகளை நீட்டிக் காட்டினார்களாம். அற்ப ஜனங்கள் என்று விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து அவர்கள் சபைகளுக்குத் தலைவர்களாக இருந்தார்கள். இப்படி இரத்த உறவு வழியாகவே தலைமை போயிருந்தால் கிறிஸ்தவத்தின் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சரி, பவுலின் சபைகளுக்கு வருவோம். இவை வீடுகளில் கூடின. கொரிந்துவில் சபை முழுவதையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் காயு (ரோமர் 16). அதே அதிகாரத்தில் பட்டணத்து உக்கிராணக்காரன், அதாவது பொருளாளர், ஏரஸ்து வருகிறார். வீடு பெரிதாக உள்ளவர் சொல்லுக்குத் தானாகவே எடை கூடும், அதற்குப் பட்டாபிஷேகம் எதுவும் தேவையில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் மூப்பர், கண்காணி (பின்னாளில் 'பிஷப்' ஆனது இந்தச் சொல்தான்) என்று யாரும் இல்லை. அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள் என்று வரங்களின் பட்டியல்தான் இருக்கிறது. ஆளுகிற வரமும் அதில் ஒன்று, ஆனால் கடைசிக்கு முந்தைய இடத்தில். தலைவர் இல்லாத சபை எப்படி இருந்தது என்பதையும் அதே கடிதம் காட்டுகிறது: கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். "எல்லோரும் சமம், தலைவனே கிடையாது" என்கிற உங்கள் சபையார் இந்தப் பதினோராம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

பவுல் பண விஷயத்தில் ரொம்பக் கவனம். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது, தன்மேல் யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று, சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரைக் கூட அழைத்துப் போகிறார் (2 கொரிந்தியர் 8). கண்காணிகள், உதவிக்காரர் (டீக்கன்கள்) என்று பதவிப் பெயரைச் சொல்லி அவர் வாழ்த்தும் கடிதம் பிலிப்பியருக்கு எழுதியது. அது என்ன கடிதம்? எப்பாப்பிரோதீத்து கையில் அவர்கள் கொடுத்தனுப்பிய பணத்துக்கு நன்றி சொல்லும் கடிதம். அந்தக் கண்காணிகள்தான் வசூலை நடத்தினார்கள் என்று எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சந்தேகம் எனக்கு வலுவாக உண்டு.

அங்கே கண்காணிகள் பன்மையில் வருகிறார்கள், கவனித்தீர்களா? ஒரே ஊருக்குப் பல கண்காணிகள். அப்போஸ்தலர் 20-இல் பவுல் எபேசு சபையின் மூப்பரை மிலேத்துவுக்கு வரவழைக்கிறார். அதே ஆட்களைப் பார்த்து, பரிசுத்த ஆவி உங்களைக் கண்காணிகளாக வைத்தார் என்கிறார். ஆக இந்தக் கட்டத்தில் மூப்பரும் கண்காணியும் ஒரே ஆள்தான். பின்னாளில் 4-ஆம் நூற்றாண்டு இறுதியில், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இதை வெளிப்படையாகவே எழுதினார்: ஆதியில் இரண்டும் ஒன்று, பிளவுகளைத் தடுக்கத்தான் ஒருவரை மற்றவர்களுக்கு மேலே வைத்தார்கள். இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். தென்னிந்தியாவில் 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு 1947-இல்தான் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆக முடிந்தது. அந்த 28 வருஷ இழுபறியில் பெரிய முடிச்சு, பிஷப் தலையில் கை வைத்துப் பட்டம் கொடுக்காத குருமாரின் பட்டம் செல்லுமா என்பதுதான்.

அப்புறம் டிடாக்கே. ஒரு சிறு கையேடு. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஃபிலோதியோஸ் பிரியெனியோஸ் என்ற குரு கண்டெடுத்தார். ஏட்டுப் பிரதி 1056-ஆம் வருஷத்தது, உள்ளடக்கம் முதல் நூற்றாண்டு இறுதியையோ அதற்குச் சற்றுப் பின்னையோ சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த பழைய நூல் இதுதான், ஏனென்றால் இதில் இருப்பவர்கள் அன்றாட ஆட்கள். ஊர் ஊராகச் சுற்றும் அப்போஸ்தலர்களும் தீர்க்கதரிசிகளும் வந்து கதவைத் தட்டுகிறார்கள். என்ன செய்வது? ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. நம்மூரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கொஞ்சம் தாராளமாகச் சொல்கிறோம், டிடாக்கே இன்னும் கறார். புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்கும் ரொட்டி மட்டும் கொடு. பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் நிறைந்தவனாகச் "சாப்பாடு போடுங்கள்" என்று உத்தரவிட்டு, அதைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவனும் கள்ளன். எவ்வளவு பட்டிருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்!

அதே நூலின் 15-ஆம் பகுதியில், உங்களுக்குக் கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று வருகிறது. தகுதி: சாந்தம், பண ஆசை இல்லாமை, உண்மை, சோதித்துப் பார்க்கப்பட்ட குணம். கூடவே, அவர்களை அற்பமாக எண்ணாதீர்கள், தீர்க்கதரிசிகளும் போதகர்களும் செய்யும் ஊழியத்தையே அவர்களும் செய்கிறார்கள் என்கிறது. அற்பமாக எண்ணாதே என்று சொல்லவேண்டி வந்ததே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெளியூர்த் தீர்க்கதரிசிக்குத்தான் கூட்டமும் மரியாதையும். உள்ளூர்க் கணக்குப்பிள்ளைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? ஆனால் நாளாவட்டத்தில் ஜெயித்தது ஊரோடு இருந்தவர்தான். நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார், கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம்.

96 வாக்கில் ரோம் சபை கொரிந்து சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. கிளெமென்ட் கடிதம் என்று பெயர், ஆனால் உள்ளே அவர் பெயர் எங்கும் இல்லை, சபையின் பெயரில்தான் போகிறது. கொரிந்துவில் சிலர் கிளம்பி மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோமிலிருந்து கடிதம் சொல்வது: கண்காணிப் பதவியின் பேரால் சண்டை வரும் என்று அப்போஸ்தலர்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஒருவருக்குப் பின் ஒருவர் வர ஏற்பாடு செய்தார்கள், சபை முழுவதும் சம்மதித்து வைத்தவர்களை, குற்றமில்லாமல் காணிக்கை செலுத்தி வந்தவர்களை, இறக்குவது பாவம். வாரிசு வரிசை என்ற எண்ணம் இங்கேதான் தெளிவாகத் தலைதூக்குகிறது. ஆனால் இதிலும் மூப்பர்கள் பன்மையில்தான், ஒற்றைப் பிஷப் இல்லை.

ஒற்றைப் பிஷப்பை உரக்கச் சொன்னவர் அந்தியோகியாவின் இக்னேஷியஸ். கைதியாக ரோமுக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். பிஷப் ஒருவர், அவரைச் சூழ மூப்பர் குழு, அப்புறம் உதவிக்காரர். பிஷப் இல்லாமல் ஞானஸ்நானமும் இல்லை, அன்பின் விருந்தும் இல்லை. எபேசுவில் ஒநேசிமு, மக்னேசியாவில் இளவயது டமாஸ், திராலேசில் போலிபியஸ் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்ப ஒருவர் வற்புறுத்தினால், அது எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கமாக இருக்கவில்லை என்று அர்த்தம். பிஷப் என்று வாயளவில் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அவர் இல்லாமலே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவரே புலம்புகிறார். ஸ்மிர்னா பிஷப் பாலிகார்ப்புக்கு எழுதியதில் பண வாசனை அடிக்கிறது: விதவைகளைக் கைவிடாதே, சபைப் பொதுப் பணத்தில் தங்களை விடுதலை வாங்கித் தரும்படி அடிமைகள் ஆசைப்பட வேண்டாம். பொதுப் பணம் இருந்தது, அதைக் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லும் வேலை பிஷப்புடையது.

உங்கள் கத்தோலிக்க நண்பருக்கு ஒரு தகவல். ஆறு கடிதங்களில் பிஷப்பைப் பற்றி இவ்வளவு பேசிய இக்னேஷியஸ், ரோமுக்கு எழுதிய கடிதத்தில் அங்கே ஒரு பிஷப் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெர்மாஸ் என்ற ரோம் விசுவாசி எழுதிய தரிசன நூலிலும் சபைக்குத் தலைமை தாங்கும் மூப்பர்கள் பலர். அதில் கிளெமென்ட் என்றொருவர் வெளியூர்களுக்கு நூலை அனுப்பவேண்டும், ஏனென்றால் அது அவருடைய வேலை. கிராப்தே என்ற பெண் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். ரோமில் 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் மூப்பர் குழுதான் நடத்தியது என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. லீனு, அனகிளேத்து, கிளெமென்ட் என்று பேர்பேராகச் சொல்லும் வரிசைப் பட்டியலை 180 வாக்கில் லியோன் நகரப் பிஷப் ஐரேனியஸ் தருகிறார். அவர் அதை எழுதியது ஞானவாதக் குழுக்களின் (இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்றவர்கள்) இரகசியப் போதகத்துக்கு எதிராக. பேதுரு ரோமுக்கு வந்து அங்கே மரித்தார் என்ற மரபு பழையது, வலுவானது. அதிலிருந்து அவர் அங்கே ஒற்றைப் பிஷப்பாக ஆண்டார் என்று முடிவு கட்ட முடியாது.

பணம் சபையில் எந்த அளவு புழங்கியது? ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 155 வாக்கில் ரோமில் எழுதியது: ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம், வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள், வசூலானது தலைமை தாங்குகிறவரிடம் ஒப்படைக்கப்படுகிறது, அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் விசாரிக்கிறார். திருவிருந்தை நடத்துகிறவரும் பணத்தை வாங்கி வைக்கிறவரும் ஒரே ஆள் என்பதைப் பாருங்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, மார்சியோன் என்ற கப்பல் வணிகர் அதே ரோம் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் கொடுத்திருந்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 1200 செஸ்டர்ஸ். அவருடைய போதகம் பிடிக்காமல் வெளியேற்றியபோது அந்தப் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு சுத்தம் இல்லை. பிலிப்பியில் வாலென்ஸ் என்ற மூப்பர் பண ஆசையில் விழுந்துவிட்டார். பாலிகார்ப் அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில், வாலென்சுக்காகவும் அவர் மனைவிக்காகவும் வருத்தப்படுகிறேன், அவர்களைப் பகைவராக எண்ணாமல் திருத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

கணக்குப் பார்த்தவர்கள் தலைவர்களானதற்கு ரோமே சாட்சி. அனிசெட்டஸ் பிஷப்பாக இருந்தபோது அவருக்கு உதவிக்காரராக இருந்த எலெவ்தேரியஸ் பின்னால் பிஷப் ஆனார். கலிஸ்டஸ் என்பவர் அடிமை, ஒரு வட்டிக்கடையை நடத்தி மற்றவர்கள் போட்ட பணத்தைத் தொலைத்தவர், சார்டினியாச் சுரங்கத்துக்குப் போய் மீண்டவர். அப்புறம் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளர், 217 வாக்கில் பிஷப். இதை எழுதி வைத்தது அவருடைய எதிரி ஹிப்போலிட்டஸ், அதனால் கொஞ்சம் உப்புக் காரம் கூடியிருக்கலாம்.

251-இல் ரோம் பிஷப் கொர்னேலியஸ் அந்தியோகியாவுக்கு எழுதிய கடிதத்தை யூசிபியஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூப்பர்கள் 46, உதவிக்காரர் 7, துணை உதவிக்காரர் 7, எடுபிடி ஊழியர்கள் 42, பேய் ஓட்டுகிறவர்கள், வாசகர்கள், வாசல்காப்போர் சேர்த்து 52. இவர்களோடு, சபை சோறு போடும் விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேல். ஒரு கூட்டம் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கும்போதே இவ்வளவு பேருக்குச் சாப்பாடு போடுகிறது என்றால், அங்கே பொறுப்புப் பிரிக்காமல் முடியுமா? உதவிக்காரர் ஏன் ஏழே பேர்? அப்போஸ்தலர் 6-இல் ஏழு என்பதால்தான். ஆள் கொஞ்சம், கையில் பணம், அதனால் மவுசு அதிகம். பின்னாளில் ஜெரோம், உதவிக்காரர் குறைவாக இருப்பதால் பெரியவர்களாகிறார்கள், மூப்பர்கள் கூட்டமாக இருப்பதால் மதிப்பிழக்கிறார்கள் என்று ரோமைக் கிண்டல் செய்தார்.

இப்போது கார்த்தேஜ். வட ஆப்பிரிக்கா, சிப்ரியன். பணக்கார வீட்டுப் பேச்சுக்கலை ஆசிரியர், விசுவாசத்துக்கு வந்த இரண்டு மூன்று வருஷத்திலேயே, 248 வாக்கில், ஜனங்கள் அவரை பிஷப்பாக்கிவிட்டார்கள். ஐந்து மூப்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. 250-இல் டீசியஸ் பேரரசர், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் சில பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைக்கின்றன. விசுவாசிகள் பலர் பலி கொடுத்தார்கள், சிலர் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். சிப்ரியன் ஒளிந்துகொண்டார். சிறைக்குப் போய் அடி வாங்கியும் மறுதலிக்காத சாட்சிகள் ஊரில் வீரர்களாகிவிட்டார்கள். விழுந்துபோனவர்கள் அவர்களிடம் போய்ச் சமாதானச் சீட்டு, அதாவது சபையில் திரும்பச் சேர்க்கலாம் என்ற சீட்டு, வாங்கத் தொடங்கினார்கள். லூசியானஸ் என்ற சாட்சி, எல்லாருக்கும் சமாதானம் கொடுத்தோம், இதை மற்றப் பிஷப்புகளுக்கும் தெரிவியுங்கள் என்று சிப்ரியனுக்கே ஒரு கடிதம் எழுதினார். அடி வாங்கியவன் மன்னிப்பதா, ஓடிப்போன பிஷப் மன்னிப்பதா? தார்மீகமாகப் பார்த்தால் சிப்ரியனின் கை தாழ்ந்துதான் இருந்தது.

ஆனால் அவர் கையில் இரண்டு இருந்தன. ஒன்று, மற்றப் பிஷப்புகளோடு ஓயாத கடிதப் போக்குவரத்து. இன்னொன்று நிவாரணப் பணம். ஒளிந்திருந்த இடத்திலிருந்தே ஆட்களை அனுப்பி ஏழைகளின் பட்டியலை எடுத்து உதவி கொடுக்கச் சொன்னார். உதவிக்காரரான ஃபெலிசிசிமஸ், சிப்ரியனின் பணத்தை வாங்கினால் எங்களோடு ஐக்கியம் கிடையாது என்று ஏழைகளை மிரட்டினார். பிளவு வெடித்தது இந்தப் பட்டுவாடாவில்தான். 251 வசந்த காலத்தில் சிப்ரியன் திரும்பி வந்து பிஷப்புகளின் சங்கத்தைக் கூட்டினார். ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே விசாரித்துத்தான் சேர்ப்பது, அந்த விசாரணை பிஷப்பின் பொறுப்பு என்று முடிவாயிற்று. சாட்சிகளின் சீட்டு அதோடு செல்லாக்காசு. அதன்பின் சில வருஷங்களில் நுமீதியாவில் கொள்ளையர் பிடித்துப்போனவர்களை மீட்க கார்த்தேஜ் சபை 1,00,000 செஸ்டர்ஸ் திரட்டி அனுப்பியபோது, கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் இணைத்தார், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும்படி.

இதே சிப்ரியன் எதேச்சாதிகாரி என்று நினைக்க வேண்டாம். மூப்பர்களின் ஆலோசனையும் ஜனங்களின் சம்மதமும் இல்லாமல் எதையும் செய்வதில்லை என்று பதவி ஏற்றபோதே தீர்மானித்தேன் என்று எழுதியிருக்கிறார். தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்கவும் தகுதியில்லாதவரைத் தள்ளவும் ஜனங்களுக்கே அதிகாரம் உண்டு என்பதும் அவர் வாக்கு. ஜனங்கள் தேர்ந்தெடுப்பது எப்படி நடந்தது என்பதற்கு ரோமில் 236-இல் நடந்ததை யூசிபியஸ் சொல்கிறார்: பெரிய ஆட்கள் பலர் பெயர் அடிபட்டுக்கொண்டிருக்க, கிராமத்திலிருந்து வந்திருந்த ஃபேபியன் தலையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது, கூட்டம் முழுவதும் "தகுதியானவர்" என்று கத்தியது, தூக்கி ஆசனத்தில் வைத்தார்கள். புறா வந்ததோ இல்லையோ, கூட்டத்தின் குரல் எவ்வளவு பலமாக இருந்தது என்பது தெரிகிறது. நகரத்து வட்டாரங்களை ஏழு உதவிக்காரருக்கும் பிரித்துக் கொடுத்தவர் இந்த ஃபேபியன்தான்.

ரோமின் மேலதிகாரம்? 256-இல் மறுஞானஸ்நானச் சண்டையில் (பிரிந்த குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர் வந்து சேர்ந்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா என்பது) ரோம் பிஷப் ஸ்தேவானுக்கு எதிராக 87 ஆப்பிரிக்கப் பிஷப்புகள் கார்த்தேஜில் கூடி வாக்களித்தார்கள். ரோமுக்கு மரியாதை இருந்தது, அதன் சொல்லுக்கு எடை இருந்தது, கட்டளை போட்டால் கேட்கும் நிலை மட்டும் இல்லை.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டால் படம் பாதிதான். கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் உதவிக்காரர் என்றே குறிப்பிடுகிறார். யூனியா அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர். நிம்பா வீட்டில் ஒரு சபை கூடியது. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி, சபையின் ஊழியக்காரிகள் என்று சொல்லப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். ரோமப் பேரரசின் ஆவணத்தில் நாம் பார்க்கும் முதல் சபைப் பொறுப்பாளர்கள் இவர்களாக இருக்கலாம். 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாவின் டிடஸ்காலியா என்ற ஒழுங்கு நூலில் பெண் உதவிக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் வேலை சுருங்கிவிட்டது: ஞானஸ்நானத்தில் பெண்களுக்கு எண்ணெய் பூசுவது, புறமத வீடுகளில் நோயுற்ற பெண்களைப் பார்ப்பது. சபை வீட்டு முற்றத்தை விட்டுப் பொது இடமாக மாற மாற, வீட்டில் இருந்த அதிகாரம் பெண்கள் கையிலிருந்து நழுவியது என்றே நினைக்கிறேன். அதே நூலில் ஒரு அழகான விதியும் உண்டு. கூட்டத்துக்கு ஏழை ஒருவர் வந்து உட்கார இடம் இல்லையென்றால், பிஷப் தரையில் உட்கார நேர்ந்தாலும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கான்ஸ்டன்டைன். பதவிப் பகட்டு அவரால்தான் வந்தது என்பவர்களுக்கு சமோசாத்தா பவுலைக் காட்டுவேன். அந்தியோகியாவின் பிஷப், 260-களில். உயரமான மேடையும் சிங்காசனமும் போட்டுக்கொண்டார், சந்தையில் பரிவாரத்தோடு கடிதங்களை வாசித்தபடி நடந்தார், பிரசங்கத்தின்போது ஜனங்கள் கைக்குட்டையை ஆட்டிக் கைதட்டவில்லை என்றால் கோபித்துக்கொண்டார் என்று அவரை நீக்கிய பிஷப்புகள் புகார் எழுதினார்கள். 268-இல் நீக்கினார்கள், அவர் கட்டடத்தை விட்டு வெளியேறவில்லை. 272 வாக்கில் வழக்கு ஆரேலியன் பேரரசரிடம் போனது. கிறிஸ்தவர் அல்லாத அவர், இத்தாலியிலும் ரோமிலும் உள்ள பிஷப்புகள் யாரோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கிறார்களோ அவருக்கே கட்டடம் என்று தீர்ப்புச் சொன்னார். கான்ஸ்டன்டைனுக்கு நாற்பது வருஷம் முன்பே, வெளியாள் ஒருவர் கண்ணுக்கும் பிஷப்புகளின் வலையமைப்புத் தெரிந்திருந்தது.

கான்ஸ்டன்டைன் புதிதாகக் கொடுத்தது சலுகைகள். குருமாருக்கு ஊர்ப் பொதுக் கடமைகளிலிருந்து விலக்கு, வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம், சங்கங்களுக்குப் போக அரசு வண்டி. பதவிக்கு ஆசைப்படக் காரணம் கூடிவிட்டது. அதனால்தான் 325-இல் நிசேயா சங்கம், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை உடனே பிஷப்பாக்காதே, குறைந்தது மூன்று பிஷப்புகள் சேர்ந்து ஏற்படுத்து, உதவிக்காரர் மூப்பர்களுக்குத் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்றெல்லாம் விதி போட்டது. அதன் 15-ஆவது விதி, பிஷப் ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்கு மாறக்கூடாது என்பது. அந்தச் சங்கத்தில் உட்கார்ந்திருந்த நிக்கொமேதியா யூசிபியஸ் (மேலே சொன்ன வரலாற்றாசிரியர் வேறு ஆள்) ஏற்கெனவே பெரூத்திலிருந்து மாறி வந்தவர். 339 வாக்கில் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் மாறிப்போனார், யாராலும் தடுக்க முடியவில்லை. 381-இல் அதே தலைநகரில் நசியான்சுஸ் கிரகோரி பிஷப்பானபோது, ஏற்கெனவே வேறு ஊருக்குப் பிஷப்பாக்கப்பட்டவர் என்று வேண்டாதவர்கள் இந்த விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள், அவர் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார்.